எல்லாத்தையும் சொல்லத் தேவையில்லை: மனவடுவோடு உதவி தேடிப் போகுமுன் யாரிடம், எவ்வளவு, எப்படிச் சொல்வது?

உங்களுக்கு ஏதோ நடந்திருக்கிறது. அது போன கிழமை நடந்ததாக இருக்கலாம், 2019 ஏப்ரலில் கொச்சிக்கடை தேவாலயத்தில் நடந்ததாக இருக்கலாம், 2009 மே மாதத்தில் வன்னியில் நடந்ததாக இருக்கலாம். சின்ன வயதில் சொந்தக்காரர் ஒருவரின் வீட்டில் நடந்ததாகவும் இருக்கலாம். நித்திரை ஒழுங்காக இல்லை. பட்டாசு வெடித்தால் உடம்பு துள்ளுகிறது. ஒருவரிடம் போய்க் காட்ட வேண்டும் என்று முடிவும் எடுத்துவிட்டீர்கள்.

ஆனால் கொழும்பில் ஒரு தமிழ்க் குடும்பத்துக்குள் இருந்துகொண்டு யாருக்கும் தெரியாமல் கிளினிக் போய்வருவது லேசான காரியமில்லை. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டும். கூட வர ஒருவர் வேண்டும். "எங்க போறாய்?" என்ற கேள்விக்கு ஒரு பதில் வேண்டும். அதற்காக யாரிடமாவது வாய் திறந்தால் முழுக் கதையையும் கொட்ட வேண்டிவரும் என்று நினைத்தே எத்தனையோ பேர் அந்த இடத்தில் நின்றுவிடுகிறார்கள். வருடக் கணக்கில் நிற்கிறார்கள்.

முழுக் கதையையும் கொட்ட வேண்டியதில்லை. சிகிச்சைக்கு முன்னால் நீங்கள் சொல்வது உங்களைக் கிளினிக் வாசல் வரை கொண்டுபோய்ச் சேர்க்கும் அளவுக்கு இருந்தால் போதும். கேட்கிற பக்கத்தில் நான் நெடுநாள் இருந்திருக்கிறேன். அவசரப்பட்டு எல்லாவற்றையும் தவறான ஆளிடம் சொல்லி நொந்துபோனவர்களையும், இரண்டே வசனம் சொல்லி உதவி பெற்றவர்களையும் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

படி 1: இன்றைக்கே செய்ய வேண்டியது ஏதும் இருக்கிறதா?

உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வருகிறதென்றால் மிச்சத்தைப் பிறகு வாசியுங்கள். முதலில் 1926 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். அங்கொடையிலுள்ள தேசிய மனநல நிறுவனம் நடத்தும் சேவை அது, இரவிலும் எடுப்பார்கள். இலங்கையில் தற்கொலைக்கு முயல்வது 1998 ஆம் ஆண்டிலிருந்து குற்றமில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், "பொலிஸ் கேஸாகிவிடும்" என்று பயந்து வைத்தியசாலைக்குப் போகாமல் இருக்கிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள்.

பாலியல் வன்முறை நடந்து மூன்று நாள் ஆகவில்லையென்றால், யாரிடம் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்க நேரமில்லை. எச்.ஐ.வி தொற்றைத் தடுக்கும் மருந்தை 72 மணித்தியாலத்துக்குள் தொடங்க வேண்டும். கருத்தரிப்பைத் தடுக்கும் அவசர மாத்திரையும் எவ்வளவு சீக்கிரம் எடுக்கிறோமோ அவ்வளவு பலன் தரும். முடிந்தால் குளிக்காமல், அன்றைக்குப் போட்டிருந்த உடுப்பைக் கடதாசிப் பையில் போட்டுக்கொண்டு அரசாங்க வைத்தியசாலைக்குப் போங்கள். அங்கேயும் முழுக் கதை வேண்டாம். "என்ர விருப்பம் இல்லாம ஒருத்தர் நடந்திட்டார், எனக்கு மருந்து வேணும், லேடி டொக்டரோட கதைக்கோணும்" என்றால் விளங்கிக்கொள்வார்கள். பல அரசாங்க வைத்தியசாலைகளில் "மிதுறு பியச – நட்பு நிலையம்" என்ற பெயரில் ஒரு பிரிவு இருக்கிறது. வீட்டுக்குள்ளேயும் வெளியேயும் வன்முறைக்கு ஆளானவர்களுக்கென்றே வைத்த இடம் அது. கேட்டுப் போங்கள்.

ஆபத்து இன்னும் தொடர்ந்தால், உதாரணத்துக்கு அடிக்கிற ஆள் அதே வீட்டில் இருந்தால், பாதுகாப்புத்தான் முதலாவது வேலை. பெண்களுக்கான உதவி இலக்கம் 1938, பிள்ளைகளுக்கு 1929. 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். 1987 முதல் இயங்கிவரும் 'விமன் இன் நீட்' அமைப்பு சட்ட உதவியும் உளவளத்துணையும் தருகிறது.

இவை எதுவும் உங்களுக்குப் பொருந்தாவிட்டால் உங்களுக்கு நேரம் இருக்கிறது. ஆறுதலாகவே செய்யலாம்.

படி 2: கதையை மூன்றாகப் பிரியுங்கள்

இந்தப் படியை மட்டும் அவசரப்பட்டுக் கடக்காதீர்கள்.

ஒருவரிடம் சொல்லப் போகும்போது நம் தலைக்குள் எல்லாம் ஒன்றாகப் பின்னிக் கிடக்கும். உண்மையில் அதில் மூன்று பங்கு இருக்கிறது. நடந்தது என்ன என்பது ஒன்று. அது இப்போது என்னை என்ன செய்கிறது என்பது இன்னொன்று. உங்களிடமிருந்து எனக்கு என்ன வேண்டும் என்பது மூன்றாவது. சிகிச்சைக்குப் போகுமுன் வீட்டாரிடமோ நண்பரிடமோ சொல்ல வேண்டியவை பின்னால் உள்ள இரண்டும்தான். முதல் பங்கை ஒரே ஒரு வசனத்தில் அடைத்துவிடலாம்: "எனக்கு முந்தி ஒரு கெட்ட விசயம் நடந்தது." அதற்கு மேல் ஒரு சொல்லும் கடமை இல்லை.

"சொன்னால் பாரம் குறையும்" என்று நம் ஆட்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் எந்தச் சூழலிலும், எவரிடமும், எல்லா விவரத்தையும் சொன்னால் குறையும் என்று அதற்கு அர்த்தம் இல்லை. பெரிய அனர்த்தங்களுக்குப் பிறகு ஆட்களை இருத்தி நடந்ததை விவரமாகச் சொல்லவைக்கும் ஒருதடவைக் கூட்டங்கள் ஒரு காலத்தில் உலகெங்கும் நடந்தன. அவை பின்னால் வரும் மனவடுவைத் தடுக்கவில்லை, சிலருக்கு நிலைமையை மோசமாக்கின என்று ஆய்வுகள் காட்டியபின் அந்தப் பழக்கம் கைவிடப்பட்டது. உலக சுகாதார நிறுவனம் 2011 இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கைநூல், பாதிக்கப்பட்டவரைக் கதை சொல்லும்படி வற்புறுத்தக்கூடாது என்றே சொல்கிறது. பக்கத்தில் இரு, கேள், தேவையான உதவியோடு தொடர்புபடுத்து, அவ்வளவுதான்.

இன்னொன்றும் இருக்கிறது, இது எங்கள் சனத்துக்கே உரியது. நடந்ததைத் திரும்பத் திரும்பச் சொல்லிக் களைத்தவர்கள் எங்களுக்குள் நிறையப் பேர். 2010 இல் நியமிக்கப்பட்ட கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு, காணாமல் போனோரைப் பற்றி விசாரிக்க 2013 இல் நியமிக்கப்பட்ட பரணகம ஆணைக்குழு, 2016 இன் சட்டத்தின்படி வந்த காணாமல் போனோர் அலுவலகம் என்று ஒவ்வொரு மேசைக்கு முன்னாலும் தாய்மார் அதே கதையை அழுதழுது சொன்னார்கள். வெளிநாட்டு அகதிக் கேஸுக்காகத் தன் வாழ்க்கையைத் திகதி வாரியாக எழுதிக் கொடுத்தவர்கள் கொழும்பு லொட்ஜுகளில் இருந்திருக்கிறார்கள். அவர்களில் சிலர், "எத்தினை தரம் சொல்லிப்போட்டன், என்ன சுகம் வந்தது?" என்று சிகிச்சையையே தள்ளிவிடுகிறார்கள். அவர்களுடைய கோபம் நியாயமானது. ஆனால் சாட்சி சொல்வது வேறு, சிகிச்சை வேறு. அங்கே கதை மற்றவருக்குத் தேவைப்பட்டது. நீங்கள் அழுதாலும் நடுங்கினாலும் கேள்வி நிற்காது. சிகிச்சையில் வேகத்தைத் தீர்மானிப்பவர் நீங்கள்.

சிகிச்சைக்கே எல்லா நேரமும் முழுக் கதை தேவைப்படுவதில்லை. போரையும் சுனாமியையும் அனுபவித்த வடகிழக்குப் பிள்ளைகளிடம் செய்த ஓர் ஆய்வு 2009 இல் வெளிவந்தது. நடந்ததை ஒழுங்காகக் கோத்துச் சொல்லவைக்கும் முறை ஒரு குழுவுக்கு, தியானமும் தளர்வுப் பயிற்சியும் இன்னொரு குழுவுக்கு, ஆறு அமர்வுகள் வீதம். இரண்டு குழுப் பிள்ளைகளும் நன்றாகத் தேறினார்கள். நடத்தியவர்கள் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆட்கள்தான். வெளியே நின்று "உள்ளே போனால் எல்லாத்தையும் கிண்டுவினம்" என்று பயப்படுகிறவர்களுக்கு இதைத் தவறாமல் சொல்வேன்.

இப்போது ஒரு தாளை எடுத்து மூன்றே வசனம் எழுதுங்கள். இப்படி இருக்கலாம்:

"எனக்கு முந்தி ஒரு விசயம் நடந்தது, அதைப் பற்றி இப்ப கதைக்க ஏலாது. ஆறு மாசமா நித்திரையில பயந்து எழும்புறன், பஸ்ஸில சனம் நெருக்கினா மூச்சு முட்டுது. வாற புதன்கிழமை நான் ஒரு டொக்டரைப் பாக்கப் போறன், நீ கூட வந்து வெளியில இருந்தாக் காணும்."

மூன்றாவது வசனத்தை எவ்வளவுக்குக் குறிப்பாக எழுதுகிறீர்களோ அவ்வளவுக்கு நல்லது. "எனக்கு உதவி செய்" என்றால் கேட்கிறவர் திகைத்துப்போய் அறிவுரை தொடங்குவார். "புதன்கிழமை நாலு மணிக்குப் பிள்ளையைப் பார்த்துக்கொள்" என்றால் கையில் ஒரு வேலை கிடைக்கும். நம் ஆட்கள் வேலை கிடைத்தால் நன்றாகச் செய்வார்கள்.

எழுதிய தாளை எங்கே வைப்பது என்பதையும் யோசியுங்கள். அறையை இரண்டு மூன்று பேர் பகிர்ந்திருக்கும் வீடு என்றால் தாள் வேண்டாம், தொலைபேசியில் பூட்டுப் போட்ட குறிப்பாக வையுங்கள். வட்ஸ்அப்பில் உங்களுக்கே அனுப்பி வைக்காதீர்கள். தொலைபேசி வீட்டில் கைமாறும்.

படி 3: யாரிடம்?

பலர் தாயில் தொடங்குவார்கள், அல்லது கட்டியவரில். நெருக்கமானவரிடம்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று ஒரு எண்ணம். என் கருத்து வேறு. முதலில் சொல்ல வேண்டியது அதைத் தாங்கக்கூடியவரிடம். பாசம் கூடியவருக்குத் தாங்கும் சக்தியும் கூட இருக்கும் என்று சொல்ல முடியாது. பல வீடுகளில் நேர்மாறாகத்தான் இருக்கிறது.

யாழ்ப்பாணத்தில் பல தசாப்தங்கள் வேலை செய்த உளநல மருத்துவர் தயா சோமசுந்தரம், போர் தனி ஆளை மட்டும் காயப்படுத்தவில்லை, குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே காயப்படுத்தியது என்று எழுதிவந்திருக்கிறார். அதை இந்த இடத்தில் நினைத்துப் பாருங்கள். 1983 ஜூலையில் வெள்ளவத்தையில் வீடு எரிந்து, அகதி முகாமில் இருந்து, கப்பலில் ஊருக்குப் போன ஒரு தகப்பனிடம் நீங்கள் உங்கள் பயத்தைச் சொல்கிறீர்கள். அவர் அந்த நாட்களைப் பற்றி இன்றுவரை வாய் திறந்ததில்லை. நீங்கள் தொடங்கியதும் அவர் எழும்பிப் போய்விடலாம், ரி.வி. சத்தத்தைக் கூட்டலாம். அதை உங்கள் மேல் உள்ள வெறுப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆனால் முதல் ஆளாக அவரைத் தெரிவு செய்யவும் வேண்டாம்.

ஒருவரைப் பரீட்சித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது: மற்றவருடைய ரகசியத்தை அவர் உங்களிடம் எப்படிக் கையாள்கிறார் என்று பாருங்கள். "ஆரிட்டையும் சொல்லாத, அந்தப் பிள்ளைக்கு..." என்று தொடங்குகிற மாமி உங்கள் கதையையும் அதே வசனத்தோடுதான் இன்னொரு வீட்டில் தொடங்குவார். வெள்ளவத்தையில் சொன்னது அன்றிரவே ஸ்கார்பரோவுக்கும் லண்டனுக்கும் போய்விடும். கலியாணம் பேசுகிற வயதில் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் இந்தப் பயம் இரண்டு மடங்கு. அது வெறும் பயம் என்று நான் தள்ளிவிடமாட்டேன், உண்மையாகவே நடக்கிற விசயம். ஆகவே தெரிவில் கறாராக இருங்கள்.

சந்தேகமாக இருந்தால் சின்ன விசயம் ஒன்றைச் சொல்லிப் பாருங்கள். "கொஞ்ச நாளா நித்திரை இல்ல, டொக்டரிட்டப் போவமோ எண்டு யோசிக்கிறன்" என்று மட்டும். அதற்கு அவர் "ஏன், என்ன செய்யுது?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தால் நல்ல அறிகுறி. உடனே தன் நித்திரைக் கதையைத் தொடங்கினாலோ, அடுத்த நாள் இன்னொருவர் உங்களிடம் வந்து "நித்திரை இல்லையாமே?" என்று கேட்டாலோ, விடை கிடைத்துவிட்டது.

செய்தவர் குடும்பத்துக்குள்ளேயே இருக்கிறவர் என்றால், குடும்பத்துக்கு வெளியே உள்ள ஒருவரிடம் தொடங்குங்கள். இதில் நான் தயக்கமில்லாமல் சொல்வேன். வீட்டுக்குள் சொன்னால் அந்த நிமிடமே வீடு இரண்டாகும், உங்களைப் பேசாமல் இருக்கச் சொல்லி நாலு பேர் வருவார்கள். அந்த நெருக்குதலைத் தாங்க, உங்களுக்கு முன்கூட்டியே வெளியில் ஒரு ஆள் இருக்க வேண்டும்.

சொந்தக்காரர் யாரும் சரிவராவிட்டால் வேறு வாசல்கள் இருக்கின்றன. குடும்ப டொக்டர் அதில் நல்ல ஒன்று. எங்கள் ஆட்களுக்கு மனக்காயம் பெரும்பாலும் உடம்பில்தான் தெரிகிறது: தலை விறைக்குது, நெஞ்சு பதைக்குது, கைகால் சோருது என்று. அந்த நோவோடு டொக்டரிடம் போகும்போது ஒரு வசனம் கூட்டிச் சொல்லுங்கள்: "டொக்டர், இது ஒரு சம்பவத்துக்குப் பிறகுதான் தொடங்கினது, மனநல டொக்டருக்கு ஒரு கடிதம் தருவீங்களோ?" அவர் சம்பவத்தை விசாரித்தால் "அதை அவரிட்டச் சொல்லுறன்" என்றால் போதும்.

பங்குத்தந்தை, மௌலவி, கோவில் ஐயா என்று போகிறவர்களும் உண்டு. கேட்கத் தெரிந்தவராக இருந்தால் பெரிய ஆறுதல். ஆனால் "மன்னிச்சு விடு" என்பதை முதல் நாளே கேட்கிற நிலைமை வந்தால், அந்த உரையாடலை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

முகம் தெரியாத ஆளிடம் முதலில் சொல்லிப் பழகுவதும் நல்ல வழி. 1926 உம், கட்டணமில்லாத உளவளத்துணை இலக்கமான 1333 உம் அதற்காகவே இருக்கின்றன. 1974 முதல் இயங்கும் சுமித்திரயோ, அறிவுரை சொல்லாமல் காது கொடுத்துக் கேட்பதையே தன் வேலையாக வைத்திருக்கும் அமைப்பு. எங்கே அழைத்தாலும் முதல் வசனமே "தமிழில கதைக்கிற ஆள் இருக்கினமோ?" என்பதாக இருக்கட்டும். இல்லையென்றால் எப்போது அழைத்தால் இருப்பார்கள் என்று கேளுங்கள். நெஞ்சுக்குள் கிடக்கிறதை இரண்டாவது மொழியில் தேடித் தேடிச் சொல்வது தனிக் களைப்பு.

படி 4: எங்கே, எப்போது

அடுக்குமாடி வீட்டுச் சுவருக்குக் காது இருக்கிறது, அனெக்ஸ் என்றால் வீட்டுக்காரருக்கும் கேட்கும். ஓட்டோவில் தொடங்க வேண்டாம், சாரதி கேட்பார். நடந்துகொண்டே சொல்வது பலருக்கு உதவுகிறது, முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியதில்லை என்பதால். வெள்ளவத்தைக் கடற்கரை வீதி அதற்குத் தோதான இடம். அலைச் சத்தம் குரலை மறைக்கும், ரயில் வந்தால் கொஞ்சம் நிற்கலாம், நின்ற இடைவெளியில் தொடர்வதா விடுவதா என்று யோசிக்கலாம். காலி முகத்திடல் பின்னேரத்தில் சன நெருக்கம் கூட. விகாரமகாதேவி பூங்கா காலையில் அமைதியாக இருக்கும்.

இரவு பத்து மணிக்குப் பிறகு தொடங்காதீர்கள். சொன்ன பிறகு உடம்பு அடங்க நேரம் வேண்டும், அந்த நேரத்தில் இரவு மட்டும்தான் மிச்சம் இருக்கும். கலியாண வீட்டிலும் செத்த வீட்டிலும் வேண்டாம். ஜூலை, மே, ஏப்ரல் 21, டிசம்பர் 26 என்று சிலருக்குச் சில நாட்கள் ஏற்கெனவே பாரமானவை. அந்த நாட்களை விட்டு ஒன்றிரண்டு கிழமை தள்ளி வையுங்கள்.

படி 5: வாய் திறக்கும்போது

முதலில் அனுமதி கேளுங்கள், எல்லையைச் சொல்லுங்கள், பிறகு விசயத்துக்கு வாருங்கள். ஒரு தங்கை தன் அக்காவிடம் இப்படித் தொடங்கலாம்:

"அக்கா, ஒரு விசயம் கதைக்கோணும். இப்ப நேரம் இருக்கோ? நான் முழுக்கச் சொல்லமாட்டன், நீங்களும் கேக்காதீங்கோ. எனக்கு அறிவுரை வேண்டாம், கேட்டாக் காணும். அம்மாக்குத் தெரிய வேண்டாம்."

கடைசி வசனத்தைத் தொடக்கத்திலேயே சொல்வது முக்கியம். கதையைச் சொல்லிவிட்டுப் பிறகு ரகசியம் கேட்டால் பிந்திவிடும். அக்கா "அம்மாக்குச் சொல்லாம எப்படி?" என்று தயங்கினால், "சரி அக்கா, அப்ப பிறகு கதைப்பம்" என்று விட்டுவிடலாம். அதுவரை நீங்கள் எதையும் சொல்லவில்லை.

கணவனிடம் என்றால்: "இஞ்சருங்கோ, இது உங்களால வந்த பிரச்சினை இல்ல. கலியாணத்துக்கு முந்தி நடந்த ஒண்டு. அதாலதான் சில நேரம் நான் விலகிப் போறன். ஒரு ஆளிட்டக் காட்டப் போறன்." உங்களால் வந்ததில்லை என்பதை முதலில் சொல்லாவிட்டால், அவர் மிச்சத்தைக் கேட்காமல் தன்னை நியாயப்படுத்துவதிலேயே நிற்பார்.

ஆண்கள் சொல்வதற்கு இன்னும் கஷ்டப்படுகிறார்கள். தடுப்பில் இருந்தவர்கள், சின்ன வயதில் பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளானவர்கள், வெடிப்பில் கூட நின்ற நண்பனை இழந்தவர்கள் எல்லோரும் "ஒண்டுமில்ல மச்சான்" என்று கடந்துபோவார்கள். நண்பனிடம் இப்படிச் சொன்னால் காணும்: "மச்சான், நான் நல்லா இல்ல. குடிக்கிறதும் கூடிப்போச்சு. ஒரு டொக்டரிட்டப் போகோணும், நீ வாவன்."

நடுவில் உடம்பு நடுங்கத் தொடங்கினால், கண் இருட்டினால், அல்லது நீங்கள் அந்த இடத்திலேயே திரும்ப நிற்பதுபோல் தோன்றினால் கதையை நிறுத்துங்கள். பாதம் இரண்டையும் நிலத்தில் அழுத்துங்கள். கண்ணுக்குத் தெரிகிற ஐந்து பொருளின் பெயரைச் சத்தமாகச் சொல்லுங்கள். மூச்சை இழுப்பதைவிட மெதுவாக, நீளமாக விடுங்கள். குளிர்ந்த தண்ணீர் குடியுங்கள். "இண்டைக்கு இவ்வளவும் காணும்" என்று சொல்லி முடித்துவிடலாம். அடுத்த நாள் தொடர வேண்டும் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்கத் தேவையில்லை.

படி 6: வரக்கூடிய பதில்கள்

நல்ல பதில் வந்தால் பிரச்சினையில்லை. வராதபோது என்ன செய்வது என்று முன்கூட்டியே யோசித்து வைத்திருந்தால் அடி குறைவு. சொன்னவரை நம்பாமல் விடுவதும் குற்றம் சொல்வதும் காயத்தை இன்னும் ஆழமாக்குகின்றன. நடந்ததைவிட, சொன்னபோது கிடைத்த பதிலைத்தான் பலர் வருடக் கணக்கில் மறக்காமல் வைத்திருக்கிறார்கள்.

எங்களுக்குள் அடிக்கடி வருவது ஒப்பீடு. "முள்ளிவாய்க்காலைக் கண்டவை இருக்கினம், உனக்கு என்ன?" சொல்கிறவர் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. அவரும் அப்படித்தான் தன் துன்பத்தை அடக்கி வாழ்ந்திருக்கிறார். ஆனாலும் உடம்பு மற்றவரின் காயத்தோடு தன் காயத்தை அளந்து பார்த்து நோவதில்லை. "அவையின்ர கஷ்டம் பெரிசுதான். எனக்கு நித்திரை வருகுதில்ல, அதுக்குத்தான் போறன்" என்று உங்கள் இரண்டாவது வசனத்துக்குத் திரும்புங்கள். வாதாட வேண்டாம்.

"நீ ஏன் அங்க போனாய்? ஏன் அப்பவே சொல்லேல்ல?" என்று கேட்டால் பதில் தேட வேண்டாம். பயத்தில் உடம்பு உறைந்துபோவதும் குரல் எழும்பாமல் போவதும் மனித உடம்பின் இயல்பான எதிர்வினை. "அந்தக் கேள்விக்கு இப்ப பதில் சொல்லமாட்டன்" என்று எழும்பி வந்துவிடலாம்.

கோபத்தில் துள்ளுகிற அண்ணன்மார் இன்னொரு வகை. "ஆர் எண்டு சொல்லு, இப்பவே போறன்." பாசம்தான். ஆனால் அந்த நிமிடத்திலிருந்து நீங்கள் உங்கள் வேதனையை விட்டு அவருடைய கோபத்தைப் பார்க்கத் தொடங்கிவிடுவீர்கள், அவர் ஏதாவது செய்து உள்ளே போய்விடுவாரோ என்று. அதனால் கோபக்காரரிடம் முதல் தடவை பெயர் சொல்லாதீர்கள். "அண்ணா, நீங்கள் போய்ச் சண்டை பிடிச்சா எனக்கு இன்னும் பயம் கூடும். என்னைக் கிளினிக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ, அதுதான் வேணும்."

அழுகையும் வரும். குறிப்பாக அம்மாவிடமிருந்து. அவரைத் தேற்றுகிற வேலை உங்கள் தலையில் விழும். கொஞ்சம் தேற்றுங்கள், ஆனால் "எனக்கு ஒண்டுமில்ல அம்மா, நான் சும்மா சொன்னன்" என்று சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளாதீர்கள். பலர் அந்த ஒரு வசனத்தில்தான் தங்கள் சிகிச்சையை இழக்கிறார்கள்.

"அங்கொடைக்கே போறாய்?" என்ற கேள்வியும் வரும். அந்த ஊர்ப் பெயரையே வசையாக்கி வைத்திருக்கிறோம், அதனால் எத்தனை பேர் உதவி இல்லாமல் போனார்களோ. மனவடுவுக்குக் கிளினிக் போவது என்றால் வார்ட்டில் படுப்பது இல்லை. போய், கதைத்து, வீட்டுக்குத் திரும்பி வருவது. கொழும்பு தேசிய வைத்தியசாலையிலும் களுபோவிலையிலும் உளநலப் பிரிவு இருக்கிறது, இலவசமாகவே பார்க்கிறார்கள்.

படி 7: சொன்ன பிறகு

சொல்லி முடிந்ததும் சிலருக்கு லேசாக இருக்கும். பலருக்கு இராது. "ஏன் வாயைத் திறந்தன்" என்ற வெட்கம் அன்றிரவே வரும், கனவு கூடும், இரண்டு மூன்று நாள் எரிச்சலாக இருக்கும். இது எதிர்பார்க்க வேண்டியது. 1986 இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் பென்னிபேக்கர் நடத்திய ஆய்வில், தங்கள் வாழ்வின் மோசமான அனுபவத்தை நான்கு நாள், பதினைந்து நிமிடம் வீதம் எழுதிய மாணவர்களுக்கு எழுதிய உடனே மனம் இன்னும் கனத்தது. அடுத்த மாதங்களில் அவர்கள் டொக்டரிடம் போவது குறைந்தது. உடனடிக் கனத்தை வைத்து, சொன்னது பிழை என்று முடிவு கட்டாதீர்கள்.

அன்றைய மிச்ச நாளுக்குச் சின்னத் திட்டம் இருக்கட்டும். நன்றாகச் சாப்பிடுங்கள். குடியைத் தவிருங்கள், அது நித்திரையைக் கொண்டுவருவதுபோல் காட்டி நடு இரவில் எழுப்பிவிடும். முடிந்தால் தனியே படுக்காதீர்கள். நாள்கள் போகப் போகக் கனம் கூடிக்கொண்டே வந்தால் கிளினிக் திகதியை முன்னுக்கு எடுங்கள்.

கேட்டவரை அடுத்த கிழமை ஒருதரம் பாருங்கள், வேறு விசயம் கதையுங்கள். உங்களை இனி அந்தச் சம்பவமாகவே பார்ப்பாரோ என்ற பயம் அதில் குறையும்.

அவர் வெளியில் சொல்லிவிட்டார் என்று தெரிந்தால் ஒரே ஒரு தடவை நேரே கேளுங்கள், அதற்குப் பிறகு அவரிடம் எதுவும் சொல்ல வேண்டாம். ஊரெல்லாம் போய் விளக்கம் கொடுக்கிற வேலையை எடுக்காதீர்கள். யாராவது கேட்டால் "உடம்பு சரியில்ல, மருந்து எடுக்கிறன்" என்பது முழு உண்மையான பதில்.

படி 8: கிளினிக் வாசலில்

நேரம் எடுக்கும்போதே தமிழில் கதைக்கக்கூடியவர் வேண்டும் என்று சொல்லுங்கள். இல்லையென்றால் மொழிபெயர்ப்பவர் யார் என்று கேளுங்கள். வார்ட்டில் வேலை செய்யும் ஒருவரையோ உங்கள் சொந்தக்காரரையோ மொழிபெயர்க்க விட்டால் நீங்கள் பாதியை விழுங்கிவிடுவீர்கள். கூட வந்தவர் வெளியில் இருக்கட்டும். "நான் தனியக் கதைக்கப் போறன்" என்று டொக்டருக்கு முன்னால் சொல்லுங்கள், மிச்சத்தை அவர் பார்த்துக்கொள்வார்.

அரசாங்கக் கிளினிக்கில் சனம் கூட, முதல் நாள் கிடைக்கும் நேரம் குறைவாக இருக்கலாம். அதற்காகத்தான் அந்த மூன்று வசனத் தாள். படி 2 இல் எழுதியதில் மூன்றாவதை மட்டும் மாற்றி எழுதுங்கள்: "நித்திரைக்கு உதவி வேணும், கிழமைக்கு ஒருதரம் கதைக்க ஒரு ஆள் வேணும்." வாயால் வராவிட்டால் தாளை நீட்டுங்கள். எத்தனை காலமாக இருக்கிறது, எந்த மருந்து எடுக்கிறீர்கள் என்பதையும் அதிலே எழுதி வையுங்கள். இந்த வகை அறிகுறிகள் ஒரு மாதத்துக்கு மேல் நீடிக்கின்றனவா என்பது மருத்துவருக்குத் தெரிய வேண்டிய விசயம்.

ரகசியத்தின் எல்லையை முதல் அமர்விலேயே கேளுங்கள். பொதுவாக நீங்கள் சொல்வது வெளியே போகாது. உங்கள் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ ஆபத்து இருந்தால், அல்லது பிள்ளை ஒன்று இப்போது துன்புறுத்தப்படுகிறது என்று தெரிந்தால் நிலைமை வேறு. எதில், யாருக்கு அறிவிப்பார்கள் என்பதைத் தெரிந்துகொண்டு பேசுங்கள். அரசியல் சம்பந்தமான சம்பவம் என்றால் இடம், பெயர், இயக்கம் எதுவும் சொல்லாமலே தொடங்கலாம், அவை இல்லாமலும் நித்திரைக்கும் பயத்துக்கும் உதவி செய்ய முடியும்.

இரண்டு மூன்று தடவை போயும் அந்த ஆளோடு மனம் ஒட்டவில்லையென்றால் வேறு ஒருவரைக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. "உங்களிட்ட வேற பெண் உளவளத்துணையாளர் இருக்கினமோ?" என்று கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. ஆள் மாறும்போது எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டுமே என்று தயங்கினால், பழைய ஆளிடம் சுருக்கமாக ஒரு கடிதம் எழுதித் தரச் சொல்லி, கிளினிக் கொப்பிக்குள் வைத்துப் புதியவரிடம் கொடுங்கள்.